கார்டில் போட்ட பி.ஏ.

உத்தமன் என்கிற பெயரை ராணி முதன்முதலாகக் கேட்டது பூந்தமல்லியில், மண்ணெண்ணெய் வரிசையில். தொண்ணூற்றேழாம் வருஷம், கார்த்திகை மாதம், தூறல் விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. ராணிக்குப் பின்னால் கேனோடு நின்றவர் வேம்புலி. மாட்டுத் தரகும் பார்ப்பார், கல்யாணத் தரகும் பார்ப்பார். இரண்டுக்கும் ஒரே நோட்டுதான்.

"ராணி, உன் தங்கச்சிக்கு ஒரு பையன் கீறான். பேரு உத்தமன்."

"பேரு கெடக்கட்டும். ஆளு எப்டி?"

"ஆளும் அப்டித்தான். பருத்திப்பட்டு. அம்பத்தூர் எஸ்டேட்ல பம்பு கம்பெனி ஸ்டோர்ஸ்ல கீறான். பி.ஏ. ஹிஸ்டரி."

"பி.ஏ.வா?" ராணிக்குக் கேன் கை மாறியது.

"ஒரே ஒரு பேப்பர் பாக்கி. தபால்ல படிக்கிறான். அது இன்னா, ஊதித் தள்ளிடுவான்."

ராணி வகையறாவில் பத்தாவது தாண்டியவர்கள் அன்றைக்கு யாரும் இல்லை. ராணியே மூன்றாவதோடு நின்றவள். அப்பா அம்மா போன பிறகு, தன்னைவிடப் பதினாறு வயது சின்னவளான சித்ராவை நசரத்பேட்டை வீட்டில் வைத்து வளர்த்தது அவள்தான். ஆகவே வரிசை நகர்வதற்குள் விசாரணையை முடித்துக்கொண்டாள். பையனின் அப்பா துலுக்காணம், அவருடைய அண்ணன் திருமழிசையில் பெண் எடுத்தவர், அந்தப் பெண்ணின் சித்தி மகள் குத்தம்பாக்கத்தில் ராணியின் நாத்தனாருக்கு ஓரகத்தி. சொந்தம் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று தள்ளவும் முடியாது. பெண் கொடுக்கத் தோதான தூரம்.

தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. பத்திரிகை அடிக்க ராணிதான் டிரங்க் ரோட்டு அச்சகத்துக்குப் போனாள். அச்சகக்காரர் பேனாவைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு, "மாப்ள படிப்பு?" என்று கேட்டார்.

ராணி ஒரு நிமிஷம் யோசித்தாள். தேர்வு வைகாசியில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்கும் தேர்வுக்கும் நடுவில் நாலே மாதம். அதற்குப் போய் ஒரு கார்டை மொட்டையாக விடுவதா?

"பி.ஏ. போடு," என்றாள்.

பெயருக்குப் பக்கத்தில் தங்க நிறத்தில் B.A. என்று ஏறியது. ஐந்நூறு கார்டு. உத்தமன் கார்டைப் பார்த்தபோது நானூறு போய்விட்டிருந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு நசரத்பேட்டைக்கு வந்தார். கோபமாகப் பேசத் தெரியாத மனிதர், அதனால் வாசலிலேயே நின்றார்.

"அண்ணி, இன்னும் பாஸ் பண்ணலியே."

"பண்ணப் போறீங்க இல்ல? முன்னாடியே போட்டா இன்னா தம்பி, அட்வான்ஸ்னு வச்சிக்கோங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு சண்டை போட முடியாமல் போய்விட்டது. அந்தச் சிரிப்புக்கு இருபத்தாறு வருஷம் வருத்தப்பட்டார் என்பது ராணிக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

பாக்கியாய் நின்ற அந்தப் பேப்பர், சுதந்திரத்துக்குப் பிந்திய இந்தியா, முதல் இருபது வருஷம். அசோகரிலும் அக்பரிலும் வெள்ளைக்காரன் காலத்திலும் நல்ல மார்க் வாங்கியவர், தன் அப்பா கண்ணால் பார்த்த காலத்தில் போய் மாட்டிக்கொண்டார். மாட்டியதற்குக் காரணமே அதுதான்.

ஆவடியில் ஐம்பத்தைந்தாம் வருஷம் காங்கிரஸ் மாநாடு நடந்தது. நாடு இனி சமதர்ம வழியில் போகும் என்று தீர்மானம் போட்ட மாநாடு. பாடப் புத்தகத்தில் அதற்கு ஒன்றரைப் பக்கம் இருக்கும். உத்தமனின் அப்பா துலுக்காணத்துக்கு அப்போது பதினேழு வயது. மாநாட்டுப் பந்தலுக்குக் கம்பம் நட, கடப்பாரை பிடித்துக் குழி தோண்டிய ஆட்களில் அவரும் ஒருவர். எந்தக் குழியில் பாறை வந்தது, எந்தக் குழியில் தண்ணீர் ஊறியது, தலைவர்கள் வந்த அன்றைக்குக் கூட்டம் எந்தப் பக்கம் நெரித்தது என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, ஒன்றரைப் பக்கத்தோடு எப்படி நிறுத்தும்?

கல்யாணமான வருஷம் வைகாசியில் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் தேர்வன்று காலையில் சித்ராவுக்கு வலி எடுத்து, திவ்யா பிறந்தாள். இரண்டாயிரத்து ஒன்றில் ஒருவழியாகப் போய் எழுதினார். ஆவடி மாநாடு பற்றிக் கேள்வி வந்திருந்தது. ஒன்பது பக்கம் எழுதினார். மூன்று மணி நேரத்தில் ஐந்து கேள்விக்குப் பதில் எழுத வேண்டும், அவர் இரண்டு எழுதிவிட்டு மூன்றாவதைத் தொடும்போது மணி அடித்துவிட்டது. இருபத்தெட்டு மார்க். பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும். இரண்டு வருஷம் கழித்து மறுபடி எழுதினார். அப்போது முதல் பொதுத்தேர்தல் கேள்வி. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்திருந்ததையும், தன் பெரியப்பா ஓட்டுச் சீட்டைப் போட்டுவிட்டு அந்தப் பெட்டிக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டு வந்ததையும் எழுதிக்கொண்டே போனார். முப்பத்தொன்று. அதற்குப் பிறகு பல்கலைக்கழகம் கொடுத்த கெடு முடிந்தது. புத்தகங்கள் பரணுக்குப் போயின.

ஆனால் கார்டு மட்டும் எங்கேயும் போகவில்லை. ரேஷன் கார்டு எழுத வந்தவர் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து பி.ஏ. என்று எழுதிக்கொண்டார். பருத்திப்பட்டில் யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றால் "பி.ஏ. ஊட்டுக்குப் போ" என்றார்கள். வெளியாட்களில், ஸ்டோர்ஸில் கூட வேலை செய்யும் பாண்டியன் ஒருத்தனுக்குத்தான் உண்மை தெரியும். அவன் "இன்னா அரியர், டீ சாப்டலாமா?" என்று கூப்பிடுவான். உத்தமனுக்கு இரண்டு பெயரில் எது உறுத்தியது என்று கேட்டால், பி.ஏ.தான் என்பார்.

திவ்யா படித்து, அம்பத்தூரிலேயே ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். சென்ற ஆண்டு அவளுக்கு வரன் பார்த்தார்கள். கல்யாணத் தகவல் இணையதளத்தில் அவளே உட்கார்ந்து விவரம் போட்டாள். அப்பா படிப்பு என்கிற இடத்தில் பி.ஏ. வரலாறு என்று அடித்தாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை. அலமாரியில் அம்மா அப்பா கல்யாணக் கார்டு இருக்கிறது, தங்க எழுத்தில் இருக்கிறது.

மாப்பிள்ளை தினேஷ். அவனுடைய அப்பா லோகநாதன், ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படித்த சம்பந்தி என்று அவருக்கு ஒரு சந்தோஷம். பெண் பார்த்துவிட்டுப் போனவுடனே தன் சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் உத்தமன் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, விஷயத்தைச் சொன்னார். ராணியும் அங்கே இருந்தாள். திவ்யா முதலில் நம்பவில்லை.

"அப்போ கார்டுல யார் போட்டது?"

சித்ரா அக்காவைப் பார்த்தாள். ராணி வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் போட்டேன். இன்னா இப்போ? ஒரு பேப்பருக்குக் கோர்ட்டுக்கா போவப் போற?"

"பெரிமா, நான் அதைப் பாத்து நெட்ல போட்டுட்டேன்!"

"போட்டா போட்டதா இருக்கட்டும். யாரும் வந்து சர்டிபிகேட் கேக்க மாட்டாங்க. இருவத்தாறு வருஷமா கேட்டாங்களா?"

உத்தமன் சொன்னார்: "திவ்யா கார்டுல பேருக்குப் பக்கத்துல பி.ஏ. வரக் கூடாது அண்ணி. பாஸ் பண்ணா வரட்டும். இல்லனா வெறும் பேரு."

ராணிக்கு அது சுருக்கென்று பட்டது. திவ்யா கார்டில் அவர் பேருக்குப் பக்கத்தில் பி.ஏ. இல்லை என்றால், பழைய கார்டில் எப்படி வந்தது என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் விரல் தன் பக்கம்தான் நீளும். சித்ராவை இந்த வீட்டில் கொடுத்ததையே தன் வாழ்நாளில் செய்த நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். அந்தக் காரியத்தின் முகப்பிலேயே ஒரு பொய்யை அடித்து வைத்திருக்கிறோம் என்று அதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை.

தேடிப் பார்த்தது திவ்யாதான். பழைய அரியர்க்காரர்களுக்குப் பல்கலைக்கழகம் கடைசியாக ஒரு சிறப்பு வாய்ப்பு கொடுத்திருந்தது. ஆனியில் தேர்வு, அதோடு சரி, இனிமேல் கிடையாது. கல்யாணம் ஆவணியில். ஆடி பிறப்பதற்குள் கார்டு அடித்தாக வேண்டும்.

புத்தகம் பரணிலிருந்து இறங்கியது. உத்தமன் காலை ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு வருவார், குளித்துவிட்டு உட்காருவார். திவ்யா வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாட்களில் பக்கத்திலேயே லேப்டாப்போடு உட்கார்ந்து, கைபேசியில் முப்பத்தைந்து நிமிஷம் வைத்துவிடுவாள். மணி அடித்தால் எழுதியது பாதியில் நின்றாலும் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். கல்யாண வேலைக்கு ஒத்தாசையாக ராணி அங்கேயே தங்கியிருந்தாள். அதுதான் இடைஞ்சல்.

ஒருநாள் மொழிவாரி மாநிலங்கள் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். "ஆந்திராவோட இருந்த திருத்தணி, அறுபதாம் வருஷம் ஏப்ரல் ஒண்ணாந் தேதி மெட்ராஸ் மாநிலத்தோட சேர்ந்தது," என்று சத்தமாகச் சொன்னார்.

மல்லி காய வைத்துக்கொண்டிருந்த ராணி திரும்பினாள்.

"இன்னா தேதி சொன்னீங்க?"

"ஏப்ரல் ஒண்ணு, அண்ணி."

"நான் மாசியில பொறந்தேன். எங்கம்மா தாய் ஊடு திருத்தணி பக்கம். பங்குனி கடைசியில என்னைத் தூக்கிகினு பூந்தமல்லிக்கு வந்துச்சாம். அப்போ?"

உத்தமன் பேனாவை வைத்தார். கணக்குப் போட்டார். "அப்போ நீங்க பொறந்தப்போ அது ஆந்திரா. நீங்க ஊடு வந்து சேர்ந்தப்போ ஊரும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்துடுச்சு."

"அதான் எங்க மாமியார் என்னை ஆந்திராக்காரி, ஆந்திராக்காரின்னு சொல்லிச்சா! நான் காரம் ஜாஸ்தி போடறதுக்குச் சொல்லுதுன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்."

சித்ரா அடுப்படியிலிருந்து சிரித்தாள். உத்தமனும் சிரித்து, நோட்டின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டார். அப்புறம் ராணி விடவில்லை. அத்தை ஒருத்தி ரேணிகுண்டாவில் வாழ்க்கைப்பட்டு அந்தப் பக்கமே நின்றுபோனது, அவள் மகன் தெலுங்கில் கடிதம் எழுதினால் படிக்க ஆள் தேடி அலைந்தது என்று ஒவ்வொருவராக வந்தார்கள். உத்தமன் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். கைபேசி மணி அடித்தது.

திவ்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரிமா, நீயே பேசிப் பேசி அப்பாவை ஃபெயிலாக்கிடுவ போலக் கீது! அவரு இதனாலதான் ரெண்டு தபா கோட்டை வுட்டாரு. அப்பா, உங்க நைனா குழி தோண்டினதுக்கு மார்க் கெடையாது. பெரிமா பொறந்ததுக்கும் கெடையாது. சட்டம், வருஷம், காரணம், விளைவு. ரெண்டரைப் பக்கம். அடுத்த கேள்வி."

அதற்கப்புறம் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை ராணி மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். படியில் இறங்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வாள்.

நிச்சயதார்த்தம் வைகாசிக் கடைசியில் நடந்தது. தட்டு மாற்றுவதற்கு முன்னால் உத்தமன் லோகநாதனைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் எழுந்ததைப் பார்த்ததுமே ராணிக்குப் புரிந்துவிட்டது. பின்னாலேயே போய் நின்றுகொண்டாள்.

"சம்பந்தி, நான் பி.ஏ. முடிக்கல. ஒரு பேப்பர் நிக்குது. அது தெரியாம பொண்ணு நெட்ல போட்டுடுச்சு. தட்டு மாத்தறதுக்குள்ள சொல்லிடணும்னு இருந்தேன்."

லோகநாதன் தோளில் கிடந்த துண்டைச் சரி செய்துகொண்டார். "எங்க அண்ணன் கிட்ட எல்லாம் பி.ஏ.ன்னு சொல்லிட்டேனே," என்றார்.

"அது என்னால வந்தது," என்று ராணி குறுக்கே வந்தாள். "அவரு கல்யாணக் கார்டுல நான்தான் போட்டேன். கேக்கறதை என்னைக் கேளுங்க."

"நீங்க யாரு?"

"பொண்ணுக்குப் பெரிமா."

லோகநாதன் அவளையும் பார்த்தார், உத்தமனையும் பார்த்தார். "எந்தப் பேப்பருங்க நிக்குது?"

"சுதந்திரத்துக்கப்புறம் இருவது வருஷம்."

"அது நம்ம காலம்தானே? அதுல போயா ஃபெயிலானீங்க?"

"அதனாலதாங்க."

லோகநாதனுக்கு அது விளங்கியதோ இல்லையோ, "பரீட்சை எப்போ?" என்று கேட்டார். ஆனியில், முடிவு எப்போது வரும் என்று தெரியாது என்றார் உத்தமன். "பேரு மட்டும் போட்டா உங்க பக்கம் மொட்டையாத் தெரியும். எங்க பக்கம் டேங்க் ஃபேக்டரின்னு போடறோம். நீங்களும் வேலையைப் போடுங்க," என்று சொல்லிவிட்டு, நேரம் ஆகிறது என்று உள்ளே நடந்தார். அவருடைய அண்ணன் மட்டும் சாப்பிடும்போது ராணியின் இலைக்கு எதிரே உட்கார்ந்து, "ஏம்மா, பொண்ணு படிப்பாவது நெஜமா, இல்ல அதையும் நீங்கதான் போட்டீங்களா?" என்று கேட்டார். பந்தியே சிரித்தது. "அது அவளே படிச்சி வாங்கினதுங்க," என்றாள் ராணி. பாயசத்தை இரண்டு வாயில் முடித்துவிட்டு எழுந்தாள்.

தேர்வன்று திவ்யா அப்பாவை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டாள். கூட எழுதியவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்ததாம். கண்காணிப்புக்கு வந்த பெண் "சார், உங்க பிள்ளை ஹால் டிக்கெட்டா?" என்று அவரைக் கேட்டாளாம். சாயங்காலம் உத்தமன் நேராக நசரத்பேட்டைக்கு வந்துவிட்டார். ராணி புடவை எடுத்துவைக்க இரண்டு நாள் முன்னால்தான் தன் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள்.

"இன்னா கேட்டான்?"

"முதல் தேர்தல், அஞ்சாண்டுத் திட்டம், ஜமீன் ஒழிப்பு, மொழிவாரி மாநிலம். அப்புறம் ஆவடி."

"ஆவடியா! எத்தினி பக்கம் எழுதனீங்க?"

"ரெண்டரை."

"உங்க நைனா?"

"எழுதல."

ராணி தண்ணீர்ச் சொம்பை அவர் கையில் கொடுத்தாள். அவர் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"எழுதணும்னு கை வந்துச்சு அண்ணி. ஒரு வரிதானே, கம்பம் நட்டவன் எங்கப்பன்னு போட்டா இன்னான்னு தோணுச்சு. ஒரு வரியில அது நிக்காது. எனக்குத் தெரியும். அடுத்த கேள்விக்குப் போய்ட்டேன்."

"திருத்தணி கேட்டானே, என்னை எழுதனீங்களா?"

"உங்களையும் எழுதல. ஏப்ரல் ஒண்ணாந் தேதின்னு மட்டும் போட்டேன். எழுதியிருந்தா அஞ்சாவது கேள்விக்கு நேரம் இருந்திருக்காது."

"நல்ல வேலை பண்ணீங்க," என்றாள் ராணி. சொன்னாளே தவிர, உள்ளுக்குள் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. பரீட்சைப் பேப்பரில் தன் பேர் வராததற்கு எதற்கு வருத்தப்பட வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, அவருக்குத் தோசை வார்க்கப் போனாள்.

கார்டு அடிக்கும் நாள் வந்தது. முடிவு வரவில்லை. இந்தத் தடவை அச்சகத்துக்கு உத்தமனே போனார், ராணியையும் கூட்டிக்கொண்டு. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் "அப்பா படிப்பு சார்?" என்றாள். ராணி வாயைத் திறக்கவில்லை. "து. உத்தமன், ஸ்டோர்ஸ், அம்பத்தூர்," என்றார் அவர். அப்படியே அடித்தார்கள். ஆவணியில் கல்யாணம் திருமழிசையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மொய் எழுத உட்கார்ந்த பாண்டியன்கூட அன்றைக்கு அவரை அரியர் என்று கூப்பிடவில்லை.

முடிவு புரட்டாசியில் வந்தது. திவ்யா மாமியார் வீட்டிலிருந்து போன் செய்தாள். நாற்பத்தொன்று. சித்ரா தெருவுக்கே கேட்கிற மாதிரி "நாப்பத்தொண்ணு!" என்று கத்தினாள். யாருடைய வயசையோ சொல்கிறாள் என்று எதிர் வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். பட்டம் தபாலில் வர தை மாதம் ஆனது. ராணி பழைய கார்டை எடுத்துக்கொண்டு பருத்திப்பட்டுக்குப் போனாள். தங்க எழுத்து கொஞ்சம் உதிர்ந்திருந்தது. பட்டத்துக்குப் பக்கத்தில் கார்டை வைத்தாள்.

"பாருங்க தம்பி. நான் போட்டது இப்போ சரியாயிடுச்சு இல்ல?"

"இப்போ சரி அண்ணி. இத்தினி வருஷம் பொய்தான்."

ராணி கார்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பட்டத்துக்குச் சட்டம் போடலாமா என்று சித்ரா கேட்டதற்கு, வேண்டாம், பீரோவில் இருக்கட்டும் என்றார் உத்தமன்.

அவர் இப்போதும் பருத்திப்பட்டிலேயே இருக்கிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் அதே பம்பு கம்பெனி ஸ்டோர்ஸில் காலை ஷிப்டு பார்க்கிறார். ஓய்வு பெற இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது.